நாளைக்கு நீ வரல்லேண்ணா?

நான் பேரூராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்த அன்று, தலைமை எழுத்தர் என்னிடம் ஊரைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. நியமன உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, “நாளைக்கு நீ வரல்லேண்ணா உனக்க வேலைய ஆரு செய்யது?” என்று கேட்டார். அப்போது எனக்கு வேலையே கொடுத்திருக்கவில்லை. உட்கார நாற்காலிகூடக் கிடைக்காமல் பீரோவில் சாய்ந்துகொண்டு நின்றேன். “நாளைக்கும் வருவேன் மேடம்” என்றேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினும்” என்றார்.

குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகிற சாலையில் இருந்தது அந்த அலுவலகம். பக்கத்தில் ரப்பர் ஷீட் அடுக்கிவைக்கும் குடோன். புதிதாக வருகிறவர்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும்; எங்களுக்கு அது வேலை நாளின் வாசனை. அருவியில் குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு படியேறி வந்து பஸ் நேரம் கேட்பார்கள். மேடம் அவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். சொல்லிவிட்டு, அந்த பஸ் வரவில்லை என்றால் அடுத்தது எது, அதுவும் வரவில்லை என்றால் எந்த முக்கில் போய் ஆட்டோ பிடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார். கேட்டவர்கள் கொஞ்சம் கலங்கித்தான் போவார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், “செய்தது இத்தன பேரு, எனக்க பேர மட்டும் என்னத்துக்குல எழுதினே?” என்று கேட்பார். அவரோடு வாதாடி ஜெயித்தவன் நான் இல்லை. ஜெயித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

‘எனக்கு மட்டும்தான் தெரியும்’ என்று யாராவது பெருமை அடித்துக்கொண்டால் அவருக்குப் பொறுக்காது. அது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்றெல்லாம் பார்க்க மாட்டார். அலுவலகத்துக்குச் சாயா கொண்டுவருபவர், எனக்குச் சர்க்கரை இல்லாமல், பக்கத்து மேசை ஷைனிக்குத் தூள் கூட்டிக் கடுப்பமாக, செயல் அலுவலருக்கு ஆடை எடுத்து என்று எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்தார். அதைப் பெரிய வித்தையாகவும் நினைத்திருந்தார். மேடம் அவரிடம், “நாளைக்கு நீரு வரல்லேண்ணா எங்களுக்கெல்லாம் சாயாவுக்குப் பதிலு பச்ச வெள்ளந்தானா?” என்று கேட்டு, மறுநாளே அவர் தம்பியை வரவழைத்து ஒவ்வொரு மேசையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுத்தார். தான் போகிற கிறிஸ்தவ சபையின் போதகரிடமே ஒருநாள் கேட்டுவிட்டார். அவர் பாவம், “கர்த்தர் சித்தம்” என்றார். “அது சரி அய்யா. பிரசங்கம் ஆரு செய்யது?” என்றாராம் மேடம்.

வீட்டுக் கதை இன்னும் வேடிக்கை. அவர் வீட்டுக் கிணற்று மோட்டார் சண்டித்தனம் செய்யும். எந்த இடத்தில் தட்டினால் ஓடும் என்பது அவர் கணவருக்கு மட்டும் தெரியும். கணவர் இருப்பதோ மஸ்கட்டில். ஒரு வெள்ளிக்கிழமை அவரை வீடியோ காலில் பிடித்து நிறுத்தி, எல்லாவற்றையும் கேட்டுத் தானும் படித்து, பக்கத்து வீட்டு மதினிக்கும் படிப்பித்துவிட்டார். அந்த மதினி கணவரின் அக்காதான். அடுத்த லீவுக்கு வந்த அந்த மனிதர் என்னிடம், “எனக்கு இந்த வீட்டுல ஆகப்பாடு இருந்த ஒரே சோலி அந்த மோட்டர் ஆக்கும். அதையும் பிடுங்கிட்டா” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அதற்குமேல் அன்று யோசிக்கவில்லை.

இதையெல்லாம் நான் இப்போது நினைப்பதற்குக் காரணம் உண்டு. போன வாரம் நான் இப்போது வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரு கம்பெனிக்காரர் மென்பொருள் விற்க வந்தார். அவர் பேசி முடித்ததும் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி அப்படியே வந்தது. கேட்டபிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொள்ளக் கையும் போனது. நான் கண்ணாடி போடுவதில்லை.

மேடத்தின் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருள் இருந்தது. யாரோ எப்போதோ வாங்கியது. ஊரில் எந்தெந்த வீட்டுக்குக் குழாய் இணைப்பு, எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணீர், யார் புகார் கொடுத்தார், அது தீர்ந்ததா என்பதெல்லாம் அதற்குள். கம்ப்யூட்டரில் பதிகிற வேலை ஷைனிக்கு. ஒரு எழுத்து மாற்ற வேண்டுமென்றாலும் கம்பெனி ஆள் வரவேண்டும். மேடம் அதைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம ஊருக்க குழாயி. அதத் திறந்து காட்ட எங்கயோ இருக்கியவன் வரணுமா?” என்பார். நாங்கள் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தோம்.

ஒரு சித்திரை மாதக் காலையில் ஷைனி கம்ப்யூட்டரைத் திறந்தாள். உரிமக் காலம் முடிந்தது என்று திரையில் ஒரு பெட்டி, அதற்குக் கீழே ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். நம்பரை விளித்தால் மணியே போகவில்லை. கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அணையில் தண்ணீர் இறங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. மேட்டுத் தெருக்காரர்கள் குடத்தோடு வந்து கவுண்டரில் நின்றார்கள். எங்களுக்கு எந்தத் தெருவின் முறை இன்றைக்கு என்பதே தெரியவில்லை. மேடம் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். தெருத்தெருவாக, வீடு வீடாகக் கேட்டு முறையைத் திரும்ப உண்டாக்கினோம். மேட்டுத் தெருவில் ஒரு கிழவர், “ஆப்பீசுல எல்லாம் கம்பியூட்டரு வந்தாச்சுண்ணு சொன்னாவ. இப்பம் நீங்க எங்ககிட்ட வந்து கேக்கியளே” என்றார். மேடம் அவர் வீட்டு முறையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

கடைசியில் புதிய கம்பெனி எங்கள் விவரங்களை அனுப்பித்தான் தந்தது. ஆனால் அவர்கள் மென்பொருளில் மட்டும் திறக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு வேறொரு கம்பெனியிலிருந்து கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு ஒரு இளைஞர் வந்தார். மரியாதையான ஆள். மடிக்கணினியில் எங்கள் ஊர் வரைபடத்தை நீலமும் பச்சையுமாகக் காட்டினார். நான் மயங்கிவிட்டேன். மேடம் கேட்டார்:

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்கா. நாளைக்கு உங்க கம்பெனி இல்லேண்ணா?”

“எங்க கம்பெனி ரொம்ப ஸ்ட்ராங் மேடம்.”

“கலியாணம் முடிக்கும்போ எல்லாரும் ஸ்ட்ராங்காத்தான் இருப்பினும். பிரிஞ்சு போறோம்ணு வை. எங்க சாமானத்த எடுத்தோண்டு போவ விடுவியளா?”

“டேட்டா எங்க சர்வர்ல பத்திரமா இருக்கும்.”

“முன்ன உள்ளதும் பத்திரமாத்தான் இருந்துது. எங்களுக்கே தொட முடியாத்த அளவுக்குப் பத்திரம்.”

அவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, சாயா குடித்துவிட்டுப் போனார்.

மேடம் அதற்குள் நாகர்கோவிலில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். அங்கே கட்டற்ற மென்பொருள் பற்றி ஒருவர் பேசினாராம். உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று கேட்டதும் மேடத்துக்கு முதலில் நினைவுக்கு வந்தது தாசையனின் மசாலா.

தாசையன் அவர் சபையின் அசனத்துக்குச் சமைப்பவர். அசனம் என்றால் ஊரே சேர்ந்து ஆக்கி ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை விருந்து. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் அசனத்துக்குப் போகாமல் இருந்ததும் இல்லை. அந்த இறைச்சிக் குழம்பின் கூட்டு தாசையனுக்கு மட்டும்தான் தெரியும். மசாலாவை வீட்டிலேயே இடித்துத் துணியில் முடிந்து கொண்டுவருவார். ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல். அன்று குழம்பு என்று ஊற்றியதைப் பற்றி ஊரில் இன்றும் யாரும் பேசுவதில்லை. மேடம் அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்து, கஞ்சி கொடுத்து, கொஞ்சம் பயமுறுத்தி, கூட்டு முழுவதையும் வாங்கிவிட்டார். அடுத்த வருடத்துக்குள் ஐந்தாறு பேர் அதில் தேர்ந்துவிட்டார்கள்.

அந்த வருட அசனத்தில்தான் வினை வந்தது. எல்லாருக்கும் அளவு தெரியும். வார்ப்பு என்கிற பெரிய அண்டாவில் குழம்பு கொதிக்கிறது. முதலில் ஒருவர் வந்து உப்புப் போட்டார். அவர் விறகு தள்ளப் போனதும் இன்னொருவர் வந்து போட்டார். போதகரின் மனைவி எட்டிப் பார்த்து, யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று தன் பங்குக்குப் போட்டார். அன்று மோருக்கு வந்த மவுசை நான் அப்புறம் கண்டதில்லை. தாசையன் ஒரு வாய் வைத்துவிட்டு, “நான் ஒருத்தன் செய்யும்போ இது இல்ல கேட்டியளா” என்றார். மேடம் நான்கு தம்ளர் மோர் குடித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் முதல் வார்ப்புக்குப் பக்கத்தில் ஒரு சிலேட் தொங்கியது. உப்புப் போட்டவர் அதில் பெயர் எழுதவேண்டும்.

பேரூராட்சித் தலைவர் ரப்பர் வியாபாரி. மேடம் புதிய யோசனையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சும்மா கிட்டுமா?”

“சும்மா இல்ல. மென்பொருளுக்கு விலை இல்ல, அவ்வளவுதான். நிறுவித்தர ஆளு விளிக்கணும், அவியளுக்குக் கூலி குடுக்கணும். நாம எல்லாரும் மெனக்கெட்டுப் படிக்கணும்.”

“பின்ன என்ன லாபம்? கம்பெனிண்ணா தப்பு வந்தா கழுத்தப் பிடிக்கலாம்லா?”

“போன சித்திரையில பிடிச்சியளா? கழுத்து எங்க இருக்குண்ணே தெரியல்லியே.”

தலைவர் கொஞ்சம் சிரித்தார். மேடம் பையச் சொன்னார்: “விளிச்ச ஆளு சரியில்லேண்ணா வேற ஆள விளிக்கலாம். உள்ள உள்ளது எல்லாம் நம்ம கையில இருக்கும். அது போராதா?”

தலைவர் மேசையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். “மரம் நமக்கு. பால் வெட்டுக்காரன் மாறலாம். அதானே?” என்றார். ரப்பர்க்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மேலிடத்து அனுமதிக்குக் கடிதம் எழுதியெழுதிச் செயல் அலுவலர்தான் ஓய்ந்தார்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண்மணி வந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டு, குழாய் விவரத்துக்கும் புகாருக்கும் வேண்டியதை நிறுவினார். “பிரச்சினை வந்தா என்னை விளியுங்க” என்று பையை எடுத்தார். என்ன கேட்கப்படும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ஷைனி வாயைப் பொத்திச் சிரித்தாள். மேடம் கேட்டார். அந்தப் பெண்மணி பையைத் திரும்பக் கீழே வைத்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவே இல்லை. பழைய பொத்தான் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. தமிழ் தட்டெழுதக் கை தடுமாறியது. ஆனால் மேடம் விடவில்லை. ஷைனி, நான், தண்ணீர் திறந்துவிடுபவர் உட்பட எல்லாரும் முறைவைத்து எல்லா வேலையும் செய்ய வேண்டும். ஒருவர் ஒரு சிக்கலை அவிழ்த்தால் அதைச் சொந்த வார்த்தையில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நான் எழுதி ஒட்டிய முதல் அறிவுரை: ‘பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கவும்.’ அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆகியிருந்தது.

எல்லாருக்கும் எல்லாம் தெரிந்ததும், ஒரே நாளில் நாங்கள் மூன்று பேர் தனித்தனியாகத் தண்ணீர் முறையை மாற்றிவிட்டோம். கீழத் தெருவுக்கு இரண்டு தடவை தண்ணீர் போனது. மேட்டுத் தெருவுக்குப் போகவில்லை. மேடம் கத்தவில்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்து, “உப்பு” என்றார். மறுநாள் அலுவலகச் சுவரிலும் ஒரு சிலேட் தொங்கியது. இன்றைக்கு முறையை மாற்றுபவர் யார், அவர் வரவில்லை என்றால் யார் என்று இரண்டு பெயர்.

அடுத்த கோடையில் மேட்டுத் தெருக்காரர்கள் குடத்தோடு வரவில்லை. ஒரு குழாய் உடைந்தால் எந்த வால்வை அடைப்பது என்பதை ஷைனி நாற்காலியில் இருந்தே சொன்னாள். மனு கொடுக்க வந்த அந்த மேட்டுத் தெருக் கிழவருக்கு மேடமே திரையைத் திருப்பி அவர் வீட்டுக் குழாயைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்து, “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்றார். மேடத்துக்கு அது போதுமாயிருந்தது. அன்று எங்கள் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

ஆனி மழையில் மேடம் தன் வீட்டுப் புழக்கடையில் பாசியில் வழுக்கி விழுந்தார். கால் எலும்பில் முறிவு. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். முதல் நாள் அலுவலகத்துக்குப் போகவே எனக்கு வெப்ராளமும் பதற்றமுமாக இருந்தது. மேடம் இல்லாமல் என்ன ஆகப்போகிறதோ என்று ஷைனியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. சிலேட்டில் இரண்டாவது பெயர் இருந்தது, சுவரில் காகிதங்கள் இருந்தன. மழையில் ஆற்றோரக் குழாய் உடைந்ததைக்கூட நாங்களே பார்த்துக்கொண்டோம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ‘மேடத்தை யாரும் விளித்துத் தொந்தரவு செய்யக் கூடாது, அவர் ஓய்வெடுக்கட்டும்’ என்று நானே உத்தரவு போட்டேன். எல்லாரும் அப்படியே நடந்துகொண்டார்கள்.

வாரங்கள் சில கழித்து நேந்திரம்பழமும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே மதினி பிடித்துக்கொண்டார். “நீ ஆப்பீசுப் பயதானே? அவ சதா போன எடுத்து எடுத்துப் பாக்கியா. கெட்டுப் போச்சோண்ணு என்ன விளிச்சுப் பாக்கச் சொன்னா. நான் அடுப்பங்கரையில நின்னு விளிச்சேன். நல்லா அடிக்கத்தான் செய்யுது.”

எனக்குப் பொறி தட்டியது. அந்த மஸ்கட்காரரின் சிரிப்பும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மேடம் கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் போன். மகள் வெளிநாட்டில் நர்ஸ், கணவர் மஸ்கட்டில். இரண்டு பேரும் அவரவர் நேரத்துக்குக் கூப்பிடுவார்கள். மிச்ச நேரம் ஓட்டில் விழும் மழைச்சத்தம். அலுவலகம் எப்படிப் போகிறது என்று அவர் கேட்கவில்லை. அதுவே எனக்கு என்னவோபோல் இருந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று ஒரு பொய் சொன்னேன்.

“நீங்க இல்லாம ஒண்ணும் ஓடல்ல மேடம். இன்னைக்குக்கூட பிரிண்டர் நின்னு போச்சு. என்ன செய்யதுண்ணு கேக்கத்தான் வந்தேன்.”

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. “பேப்பர் இருக்காண்ணு பாத்தியா?” என்றார். பிறகு, “அத எழுதி ஒட்டினது நீயாக்கும். கள்ளம் பறையாதே மக்கா” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்கியது. “எல்லாம் தன்னால ஓடுதுல்லியா?” என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். ஆற்றோரக் குழாய் உடைந்த கதையைச் சொன்னேன். ஷைனி எந்த வால்வை அடைத்தாள், யார் எந்தத் தெருவுக்கு லாரி அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கேட்கக் கேட்க முகம் தெளிந்தது. “நல்லதாக்கும். இதுக்குத்தானே இத்தன பாடும்” என்றார். மடியிலிருந்த போனை எடுத்துத் தலையணைப் பக்கம் வைத்தார். “எண்ணாலும் ஒரு தடவ விளிச்சிருக்கலாம். சோலிக்கு இல்லேண்ணாலும்.”

பழத்தை உரித்துக் கொடுத்தேன். அவர் ஒரு பாதியைத் தின்றுவிட்டு மறுபாதியை என்னிடம் நீட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.

“நாளைக்கு வருவியா?” என்று கேட்டார்.

அந்த ஊரில் வேலை பார்த்தவன் வேறு எப்படிப் பதில் சொல்வான்? “வருவேன் மேடம். நான் வரல்லேண்ணா ஷைனி வருவா” என்றேன்.

“ஷைனியும் வரட்டு” என்றார். “உனக்குப் பதிலாட்டு வேண்டாம். நீயும் வா.”

மறுநாள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். சிலேட்டில் என் பெயருக்கு அடுத்த இடத்தில் தண்ணீர் திறந்துவிடுபவரின் பெயரை எழுதிவிட்டு, ஷைனியையும் கூட்டிக்கொண்டு போனேன்.